‘இறங்ஙியோ’ என்று கேட்டால்

போன திங்கட்கிழமை, புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும் எங்கள் ரேடியேஷன் பிரிவில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் நர்ஸ், ஆலத்தூர்ப் பெண், மலையாளம்தான் பேச்சு. இன்னொருவர் துப்புரவு வேலைக்கு வந்த அக்கா, வேலந்தாவளத்துக்காரர், தமிழ்தான் பேச்சு. மலையாளம் காதில் விழுந்தால் பாதி புரியும். இருவரையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. மெஷினைக் காட்டினேன், சிவப்புப் பட்டன்களைக் காட்டினேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சொற்களைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று ‘ரூம் காலி’. இன்னொன்று ‘ஸ்டாப்’. இருவரையும் தலா மூன்று தடவை உரக்கச் சொல்ல வைத்தேன்.

“இதுக்கு எதுக்குங்க இவ்வளவு சத்தமா?” என்று அந்த அக்கா கேட்டார். வெளியே நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் அப்போது சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ இந்த வேலையில் இருக்கும் யாராவது படித்தால் நல்லது.

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் வந்தால் பாலக்காடு. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் ஆனேன். 16 வருஷமாக இதே வேலை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் இதே கலவைதான். சிற்றூரிலிருந்தும் நெம்மாறையிலிருந்தும் வருவார்கள், வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கத்திலிருந்தும் வருவார்கள், அட்டப்பாடி மலையிலிருந்து இருளர் வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள். வேலை செய்கிறவர்களும் அப்படியே. ஒரே அறைக்குள் ஒரே நேரத்தில் மூன்று மொழி நடமாடும்.

அந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் பங்கர் என்போம். நேர்க்கதிர் விழும் பக்கத்துச் சுவர் 2 மீட்டருக்கு மேல் கனமான கான்கிரீட். வாசலில் நுழைந்ததும் மெஷின் தெரியாது. ஒரு நடை போய்த் திரும்ப வேண்டும். அந்த நடைக்கு மேஸ் என்று பெயர். கதிர் நேர்கோட்டில்தான் போகும். சுவரில் மோதிச் சிதறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் பலம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த வளைவு. எந்தச் சுவர் எத்தனை கனம் என்று கதிர்க் கணக்கெல்லாம் பார்க்கும் பிசிசிஸ்ட் (இயற்பியலாளர்) கணக்குப் போட்டு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்தக் கணக்கைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கட்டவே முடியும். அவ்வளவு கண்டிப்பு. ஆனால் அந்தச் சுவருக்குள் நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை.

2011-இல் நடந்தது இது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருள் வைத்த மெஷின். நான் ஜூனியர். எனக்கு மேலே ஒரு சேச்சி, தங்கமான மனுஷி. வேலையை என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். தள்ளுவண்டி தள்ளுவதற்கு ஒரு அட்டெண்டர் அண்ணன், கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருக்கும்.

தொண்டையில் புற்றுநோய் வந்த ஒரு பெரியவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கவுச்சில், அதாவது சிகிச்சைப் படுக்கையில் மாற்றினோம். தலை அசையாமல் இருக்க மாஸ்க் போட்டு இறுக்கினோம். லேசர் கோடுகளைச் சரி பார்த்தோம். தலைக்கு வைத்த ஹெட்ரெஸ்ட் வேறு நம்பர் என்று தெரிந்து மாற்றியிருந்தோம். பழையதை அலமாரியில் வைக்க நான் மூலைக்குப் போனேன். கதிரைத் தடுக்கும் ஈயக் கட்டிகளும், ஒரு பக்கம் கதிரைக் குறைக்கும் ஆப்பு வடிவ வெட்ஜ்களும் அடுக்கியிருக்கும் அலமாரி அது. கேமராவில் அந்த மூலை விழாது. வெளியே கன்சோலில், அதாவது மெஷினை இயக்கும் மேசையில் போன் அடித்தது. நான் முன்னாலேயே போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு சேச்சி வேகமாக வெளியே போனார். போனவர் மேஸின் வாயில் நின்று கேட்டார்: “எல்லாரும் இறங்ஙியோ?”

மலையாளத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கும் ‘இறங்ஙுக’ என்பார்கள். ‘ஞான் இறங்ஙுன்னு’ என்றால் நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். சேச்சி கேட்டது, எல்லாரும் வெளியே வந்தாச்சா என்று. அண்ணன் காதில் அது தமிழாக விழுந்தது. வண்டியிலிருந்து நோயாளியை இறக்கியாச்சா என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார். “இறங்கியாச்சுங்க!” என்றார். சொல்லிக்கொண்டே காலி வண்டியைத் தள்ளினார். போகிற வழியில் சுவரில் இருந்த பட்டனையும் அழுத்தினார்.

அந்தப் பட்டன்தான் ‘லாஸ்ட் மேன் அவுட்’. அறையைச் சுற்றிப் பார்த்து, நோயாளியைத் தவிர யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கடைசியாக வெளியேறுகிறவர் அழுத்த வேண்டியது. அதை அழுத்தாமல் மெஷின் ஓடாது. எல்லாரும் போகும்போது அதைத் தட்டிவிட்டுப் போவதைப் பத்து நாளாகப் பார்த்திருக்கிறார். அவரும் தட்டினார். அது எதற்கென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் மேல் தப்பு என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பத்து நாளில் ஒரு தடவை நானே சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கேட்டது கதவின் மோட்டார் சத்தம். கூடவே மணி. கையில் ஹெட்ரெஸ்டோடு ஒரு விநாடி அப்படியே நின்றேன். அப்புறம் “சேச்சி, ஞான் அகத்துண்டு!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அடித்தேன். கதவு நின்றது. கதிர் வரவே இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சேச்சி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது என் தோளில் தெரிந்தது. மாஸ்க்குக்குள் இருந்த பெரியவர் மட்டும், “என்னம்மா, இன்னிக்கு எனக்கு இல்லையா?” என்று கேட்டார்.

கதிர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயமுறுத்த விரும்பவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நேர்க்கதிரில் நிற்காதவர்மேல் படுவது நோயாளியின் உடம்பிலிருந்து சிதறி வரும் கதிர். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. கதிரைக் கிரே என்ற அளவில் அளப்போம். நோயாளிக்கு 2 கிரே கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கு 2 மில்லிகிரே, இந்தக் கதிருக்கு அது 2 மில்லிசீவர்ட். ஆளைச் சாய்த்துவிடாது. ஆனால் பொதுமக்களில் ஒருவருக்கு ஒரு வருஷம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 1 மில்லிசீவர்ட்தான். அதைப்போல் இரண்டு பங்கு சில நிமிடத்தில், ஒரு சொல் மாறிக் கேட்டதால் வந்திருக்கும். அந்த மூலையில் அன்று நின்றது கருவுற்ற ஒரு பெண்ணாக இருந்திருந்தால் என்று யோசித்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பிசிசிஸ்ட் சார் எல்லாரையும் உட்கார வைத்தார். எங்கள் ரேடியேஷன் பாதுகாப்பு அதிகாரியும் அவர்தான். “யார் செஞ்சது” என்று அவர் கேட்கவில்லை. “என்ன கேட்டது, என்ன புரிஞ்சது” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டபோது எழுந்து நின்றார். உட்காரச் சொல்லித்தான் பேச வைத்தார். அன்றுதான் சொற்களை முடிவு செய்தோம். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே அர்த்தம் தருவதாக இருக்க வேண்டும், ஒரு மூச்சில் சொல்ல வர வேண்டும். ‘ரூம் காலி’ என்பது அப்படி வந்தது. ‘காலி’ இரண்டு மொழியிலும் காலிதான். நிறுத்துவதற்கு ‘ஸ்டாப்’, பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் தெரிந்த சொல். உள்ளே போனவர் ஒவ்வொருவரும் வெளியே வந்து கன்சோலில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ‘நான் வெளியே’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது. கடைசியாக வருகிறவர் ‘ரூம் காலி’ என்று சொல்ல, கன்சோலில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சாவியைத் தொடலாம்.

முதல் ஒரு வாரம் சொல்வதற்கு எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. பழகியதும் அது போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்து இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். சொற்களை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டேன்.

மொழிதானே, இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு எபினால் கதையைச் சொல்வேன். பிரான்ஸில் ஒரு ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் 2004 மே முதல் 2005 ஆகஸ்ட் வரை புராஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த 20-க்கும் மேற்பட்டவர்களுக்கு அளவுக்கு மீறிக் கதிர் போய்விட்டது. வெட்ஜ் வைக்கும் முறையைப் பழைய வகையிலிருந்து புதிய வகைக்கு மாற்றியிருந்தார்கள். மென்பொருளில் அதற்கேற்ற தேர்வு மாறிப் போனதால் கணக்கே தப்பாக வந்தது. வேலை செய்கிறவர்களுக்குக் கிடைத்த பயிற்சி கொஞ்சம். பிரெஞ்சு மொழியில் ஒரு கையேடு கூட அவர்கள் கையில் இல்லை. அதில் சிலர் இறந்துபோனார்கள். எங்கள் கன்சோலிலும் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். எரர் மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி எழுதி லேமினேட் செய்து கன்சோல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எழுதி முடிக்க இரண்டு மாசம் ஆனது.

இண்டர்காம் பற்றியும் சொல்ல வேண்டும். கதிர் ஓடும்போது உள்ளே இருப்பது நோயாளி ஒருவர்தான். அவரோடு எங்களைச் சேர்ப்பது ஒரு கேமராவும் ஒரு மைக்கும். ஒரு நாள் காலையில் மைக் வேலை செய்யவில்லை. “கேமரா இருக்கே, இன்னிக்கு ஓட்டிரலாம், மத்தியானம் ஆள் வருவான்” என்றார்கள். நான் ஆரம்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 42 பேர் காத்திருந்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். அது நியாயமான கோபம்தான், விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள். மைக்கைச் சரி செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது.

நான் அப்படிப் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் 1986 மார்ச்சில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரத்தில் நடந்தது. தெராக்-25 என்ற மெஷின். இயக்கியவர் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டு உடனே திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மெஷினுக்குள் சரியாகவில்லை. ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அடிக்கடி இப்படி ஏதாவது நம்பர் வருவது வழக்கம் என்பதால் தொடரும் பட்டனை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவருக்குக் கரண்ட் அடித்தது மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், இரண்டாவது தடவையும் அடித்தது. கதவுக்கு வந்து தட்டினார். அன்றைக்கு அந்த அறையின் வீடியோ இணைப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். மைக்கும் கெட்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துபோனார். மெஷினுக்குள் இருந்த கோளாறு பெரிது, அது வேறு. ஆனால் முதல் அடியில் அவர் போட்ட சத்தம் வெளியே கேட்டிருந்தால் இரண்டாவதை நிறுத்தியிருக்கலாம். தினமும் காலையில் நான் செய்யும் முதல் வேலை, ஒருவரை உள்ளே நிறுத்தி மைக்கில் பேச வைப்பதுதான்.

‘கரண்ட்’ என்று எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இங்கே ரேடியேஷன் என்று நோயாளிகள் யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். மலையாளத்திலும் ‘கரண்ட் அடிப்பிக்குக’ என்பார்கள். நாங்களும் பழக்கத்தில் அப்படியே சொல்லிவிடுகிறோம். அட்டப்பாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மூன்று நாளும் கவுச்சில் ஏறப் படுத்தி எடுத்தார். கால் நடுங்கிக்கொண்டே இருக்கும், கோடு நகர்ந்துவிடும். மூன்றாம் நாள் அவர் மகளிடம் பேசிப் பார்த்தேன். அவர்கள் ஊரில் காட்டுப்பன்றிக்குப் போட்ட கரண்ட் வேலியில் ஒருவர் மாட்டி இறந்திருக்கிறார். அதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவரிடம் போய் “கரண்ட் வைக்கிறோம், ஆடாம படுங்க” என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். அன்று அவரை உட்கார வைத்து, இது போட்டோ பிடிக்கிற மாதிரி, உடம்பில் ஒன்றும் தெரியாது, வலிக்காது, மெஷின் உங்களைத் தொடக்கூடத் தொடாது என்று மகளை விட்டு அவர்கள் பேச்சில் சொல்லச் சொன்னேன். ஏதாவது வேண்டுமானால் கையைத் தூக்குங்கள், நாங்கள் டி.வி.யில் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றேன். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்கினார். சிகிச்சை முடியும்வரை அதற்கப்புறம் ஒரு நாள்கூட அசையவில்லை. இப்போது ‘கரண்ட்’ என்று யாராவது சொன்னால் நான் திருத்துவதில்லை, என் வாயால் மட்டும் அதைச் சொல்வதில்லை.

இதே மாதிரி ‘பனி’. தமிழில் பனி விழும். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மார்கழியில் ஒரு பாட்டி “பனியில வந்தேன் கண்ணு” என்று நர்ஸிடம் சொல்ல, காய்ச்சல் என்று எழுதி ரத்தப் பரிசோதனைக்கே அனுப்பிவிட்டார்கள். சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா என்பதும் அப்படித்தான். எதிரே நிற்பவருக்கு எல்லாம் மாறித் தெரியும். அதனால் நோயாளியையே தொட்டுக் காட்டச் சொல்வேன்.

பயம் நோயாளிகளுக்கு மட்டும் இல்லை. முன்பு எங்களிடம் துப்புரவு வேலை செய்த ஓர் அக்கா அறையின் பாதியை மட்டும்தான் துடைப்பார். மெஷினுக்கு அடியில் போக மாட்டார். சோம்பல் என்று நினைத்தோம். ஒரு நாள் தனியாக டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: “கீழே துடைச்சா அது ஒடம்புல ஏறுமா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.” இரண்டு வருஷமாக அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மின்சாரத்தில் கதிர் உண்டாக்கும் லீனாக் மெஷின் டியூப்லைட் மாதிரி, சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். தரையிலோ துணியிலோ ஒட்டாது. அதிக ஆற்றலில் ஓட்டினால் மட்டும் மெஷினின் தலைப்பகுதி கொஞ்ச நேரம் லேசான கதிரியக்கத்தோடு இருக்கும். அதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பிசிசிஸ்ட் சொல்லிவிடுவார். கோபால்ட் அப்படி இல்லை. அது அடுப்புக்குள் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் கங்கு. மூடி வைக்கலாம், அணைக்க முடியாது. பாதியாகக் குறையவே 5.27 வருஷம் ஆகும். உடம்புக்குள்ளேயே கதிரியக்கப் பொருளை வைத்துக் கொடுக்கும் பிராக்கி சிகிச்சையின் இரிடியமும் அந்த வகைதான், அது பாதியாக 74 நாள். ஆக எந்த அறையில் எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரியும். அந்த அக்கா அதற்கப்புறம் மெஷினுக்கு அடியில் போய்த் துடைத்தார்.

ஈய ஏப்ரனையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே அறையில் அது உதவும். அரை மில்லிமீட்டர் ஈயம் அங்கே போதும். கோபால்ட் கதிரைப் பாதியாக்கவே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். ஏப்ரன் போட்டுக்கொண்டு கோபால்ட் அறைக்குள் தைரியமாக நின்ற ஒரு நர்ஸைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியம் ஆபத்து. இங்கே காப்பாற்றுவது சுவரும், தூரமும், சீக்கிரம் வெளியே வருவதும்தான். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும்.

வெளியிலிருந்து கதிர் வாங்கிய நோயாளியின் உடம்பில் ஒன்றும் தங்காது. அவர் பேரனைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதை நர்ஸ்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டில் தனித் தட்டும் தனிப் பாயும் போட்டுவிடுகிறார்கள். கதிரியக்க அயோடின் குடித்த தைராய்டு நோயாளிக்கு விதி வேறு, அவர் சில நாள் விலகித்தான் இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிச் சொன்னால் வீட்டில் ஒரு மனுஷி காரணமில்லாமல் ஒதுக்கப்படுவாள்.

பேட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள்மேல் பட்ட கதிரைப் பதிந்துவைக்க நாங்கள் நெஞ்சில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஆய்வகத்துக்குப் போகும். எங்களுக்கான வரம்பு ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒரு காலாண்டில் 10-ஐத் தாண்டினால் விசாரணை உண்டு. ஒரு தடவை ஒரு பயிற்சிப் பையனுக்கு அப்படி வந்துவிட்டது. எழுதிக்கொடுத்த முதல் கடிதத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்றான். பையன் முகம் வாடிப்போய் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, வேலை போகாது. உன் ஒடம்புல பட்டதா, பேட்ஜ்ல மட்டும் பட்டதான்னு தெரியணும், அவ்வளவுதான்” என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். கோட்டைக் கழற்றி உள்ளே நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறான், பேட்ஜோடு. அன்று சாயங்காலம் வரை அது உள்ளேயே கிடந்திருக்கிறது. அவன் உடம்பில் ஒன்றும் படவில்லை. அதைச் சொல்லப் பயந்து ஒரு வாரம் அவன் சாப்பிடவில்லை, அவனுடைய அம்மா போனில் அழுதிருக்கிறார். திட்டுகிற இடத்தில் உண்மை வெளியே வராது. அன்றே கோட் மாட்ட கதவுக்கு வெளியே ஓர் ஆணி அடித்தோம்.

இதைவிடக் கஷ்டமானது கர்ப்பம். நம் ஊரில் மூணு மாசம் முடியும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பார்கள். வீட்டுக்கு அது சரி. ஆனால் குழந்தைக்கு அதிக பாதுகாப்பு வேண்டியதே அந்த மூணு மாசத்தில்தான். கர்ப்பம் என்று சொல்லிவிட்டால் மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்புக்குள் வேலையை மாற்றித் தந்தாக வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை, அது விதி. ஆனால் சொன்னால்தானே? எங்களிடம் இப்போது ஒரு வழி இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரியிடமோ என்னிடமோ ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும். டியூட்டி பட்டியல் மாறும், காரணம் எழுத மாட்டோம். கோபால்ட், பிராக்கி பக்கம் அனுப்ப மாட்டோம். மூன்று பெண்கள் அப்படி வந்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் என்னிடம் சொன்னது மாமியாரிடம் சொல்வதற்கு முன்பே.

கடைசியாக மணி. அறையில் கதிர் இருந்தால் விளக்கெரிந்து சத்தம் போடும் ஜோன் மானிட்டர் எங்களுடையது ஒரு சமயம் சும்மாவே அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் காது பழகிவிட்டது. நானும் கவனிக்காமல் கடந்துபோனேன். 1992 நவம்பரில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற ஊரில் இதேதான் நடந்தது. பிராக்கி சிகிச்சையில் இரிடியத் துண்டு கம்பியிலிருந்து அறுந்து ஒரு மூதாட்டியின் உடம்புக்குள்ளேயே நின்றுவிட்டது. சுவரில் இருந்த மானிட்டர் எச்சரித்தது. அது எப்போதும் கோளாறு செய்வதுதானே என்று விட்டுவிட்டார்கள். கன்சோலில் எல்லாம் பத்திரம் என்று காட்டியது. கதிரை அளக்கும் சர்வே மீட்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தும் எடுத்துப் பார்க்கவில்லை. அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாளில் இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள், குப்பை அள்ளியவர்கள் என்று 90-க்கும் மேற்பட்டவர்கள்மேல் கதிர் பட்டது. அவர்களில் ஒருவருக்கும் அப்போது எதுவும் தெரியாது.

அதைப் படித்த அன்றே எங்கள் மானிட்டரைச் சரி செய்யும்வரை பிராக்கி எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு சிகிச்சைக்கு அப்புறமும் நோயாளியின் பக்கத்தில் மீட்டரைப் பிடித்து, வரும் எண்ணை உரக்கச் சொல்கிறோம். இன்னொருவர் எழுதுகிறார். இரிடியம் மெஷினுக்குள் திரும்பாமல் நின்றால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்கும்போது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து “பத்து… இருபது…” என்று விநாடி சொல்வார். மற்றவர்கள் அதைத் திருப்பி இழுக்கும் கைச்சக்கரம் சுற்றுவதும், உடம்புக்குள் வைத்த குழாயான அப்ளிகேட்டரை நீளக் கிடுக்கியால் எடுத்து ஈயப் பெட்டிக்குள் போடுவதும் அந்தக் குரலை வைத்துத்தான். அந்த நேரத்தில் வேறு யாரும் பேசக் கூடாது.

சரி, புதிதாக வந்தவர்களிடம் திரும்பி வருகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மார்பகப் புற்றுநோயாளியைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தோம். நான் சொன்னேன், நர்ஸ் பெண் சொன்னாள், ஜூனியர் ‘ரூம் காலி’ என்றான். கன்சோலில் இருந்தவர் திருப்பிச் சொன்னார். கதவு பாதி மூடிவிட்டது. அப்போது கதவுக்கு வெளியே நின்ற வேலந்தாவளத்து அக்கா “ஸ்டாப்!” என்றார். குரல் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லாரும் நிறுத்திவிட்டோம்.

துடைக்கிற மாப்பைக் கவுச்சுக்குப் பின்னால் விட்டுவிட்டாராம். அவ்வளவுதான். கவுச்சுக்குக் கீழே மெஷின் சுற்றி வரும்போது அது தட்டியிருந்தால் மெஷின் நின்றிருக்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அக்கா முகம் வெளுத்துப்போயிருந்தது. நர்ஸ் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டப் போகிறேனோ என்று.

“நல்லதுங்க அக்கா. வாங்க, எடுத்துட்டு வரலாம்” என்றேன். இருவரும் உள்ளே போனோம். படுத்திருந்த அம்மாவிடம் இன்னும் இரண்டு நிமிஷம் ஆகும் என்று சொன்னேன். அலமாரி மூலையைப் பார்த்தேன், கவுச்சுக்குப் பின்னால் பார்த்தேன், பட்டனை அழுத்தினேன். மாப்பை எடுத்துக்கொண்டு அக்கா எனக்கு முன்னால் நடந்தார். கன்சோல் முன்னால் போய் நின்று, “நான் வெளியே” என்றார்.